பாட்டில் வட்டம்

மெலாஹத்துக்கு அப்பாவிடம் இருந்த மனக்குறை ஒன்றே ஒன்றுதான். தம்பி ரெம்ஸியின் ஆப்பிள் மரத்தைச் சுற்றிக் காலி பீர் பாட்டில்களைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடி மட்டும் தெரியப் புதைத்து அழகாக வட்டம் கட்டிய மனிதர், அவளுடைய பேரி மரத்துக்கு ஒரு பாட்டில்கூட வைக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதாகி, ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து, புருஷனையும் மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் இதையெல்லாம் மனதில் வைத்திருப்பது வெட்கக்கேடுதான். ஆனால் தினமும் கோழிக்குத் தீனி போடப் போகிற வழியில் அந்தப் பச்சைக் கண்ணாடி அடிகள் வெயிலில் பளபளக்கின்றன. நினைக்காமல் என்ன செய்வாள்?

சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். "பாட்டில் தீந்துபோச்சும்மா" என்பார் அப்பா. அது சுத்தப் பொய். அந்த வீட்டில் எது தீர்ந்தாலும் பாட்டில் தீர்ந்ததில்லை. மேலும் கேட்டால் அம்மா ஸெஹ்ரா கையிலிருக்கும் கரண்டியை ஓங்குவாள். பிறகு மெலாஹத்தின் மகள், பேத்தி பெரிஹான் பிறந்தபோது அவளுக்கு நட்ட பேரிக்கும் வட்டம் கட்டினார். மகளுக்கு மட்டும்தான் இல்லை.

பேத்தி பிறந்த நாளிலிருந்து அவர் வீட்டில் எல்லோருக்கும் தாத்தாதான். ரெம்ஸிகூட அப்படித்தான் சொல்வான். ஜெர்மனியிலிருந்து ஒரு சாக்குப் பையும் கிளை வெட்டும் கத்தியுமாக இஸ்தான்புல்லின் இஸ்தின்யேக் கரையில் வந்திறங்கி, பாஷா மாளிகைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கோட்லீப் என்ற பெயர் இந்தக் கரையில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. மாளிகைக்குத் துணி வெளுத்த வீட்டுப் பெண் ஸெஹ்ராவைக் கட்டிக்கொள்வதற்காகக் கலிமா சொல்லி காலிப் ஆனார். காலிப் உஸ்தா, அதாவது காலிப் மேஸ்திரி, என்றால் மலைமேல் வரை தெரியும். பன்றிக்கறியை அன்றோடு விட்டார். பீரை விடவில்லை. பழைய இமாம் இதைக் கேட்கப்போய், "மரத்துக்குக் காலி பாட்டில் வேணும் இமாம் எஃபெந்தி. கடையில நிறைஞ்சதுதான் விக்கிறாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்று பதில் வாங்கிக்கொண்டு போனதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

அவருடைய ஊரில் ஆண் பிள்ளை பிறந்தால் ஆப்பிள், பெண் பிறந்தால் பேரி நடுவார்களாம். பாட்டில் வட்டம் மட்டும் அவரே சேர்த்துக்கொண்டது. களை கொத்துகிறவன் மண்வெட்டியைப் பிள்ளை மரத்தின் வேரில் போட்டுவிடக்கூடாது என்பதற்காக. எத்தனையோ ஆயிரம் மரம் வைத்தவர், பிள்ளை மரம் தவிர வேறு எதற்கும் அந்த வட்டம் கட்டியதில்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வினையே அதில்தான் இருந்தது.

மார்ச் மாதம். இரண்டு நாளாகத் தெற்கிலிருந்து லொதோஸ் காற்று வெதுவெதுப்பாக அடித்து எல்லோருக்கும் தலைவலியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மெலாஹத்தும் பெரிஹானும் கண்ணாடி மூடிய நாற்றுப் பெட்டிகளின் முன்னால் குந்தியிருந்தார்கள். அடியில் குதிரைச் சாணம் புகைந்து சூடேற, மேலே தக்காளி நாற்று விரல் நீளம் வந்திருந்தது. அதைக் குச்சியால் நெம்பி எடுத்து, இலையைப் பிடித்து, தண்டைத் தொடாமல் வேறு பெட்டிக்கு மாற்றவேண்டும். தண்டைப் பிடித்தால் தாத்தா முழங்கையில் தட்டுவார். அவர் போய்ப் பதினேழு வருடமாகியும் அந்த வீட்டில் ஒருவரும் தண்டைப் பிடிப்பதில்லை. ரெம்ஸியின் மனைவி நிகார் சற்றுத் தள்ளி எரு சலித்துக்கொண்டிருந்தாள்.

ரெம்ஸி மதியத்துக்கே வீடு திரும்பியதைப் பார்த்ததும் நிகார் சல்லடையை நிறுத்தினாள். கடற்கரைச் சாலையை அகலப்படுத்துவதற்காகப் பாஷா மாளிகையை இடிக்கிறார்கள். அங்கே மரம் வெட்டும் கூலிக்கு அவன் போய்க்கொண்டிருந்தான்.

"என்ன, சூரியன் இருக்கும்போதே வந்துட்டீங்க? ஊதுங்க பாப்போம்" என்றாள் நிகார்.

"ஏண்டி, நான் என்ன பீப்பாயா, மோந்து பாக்க?"

"சாணக் குவியலுக்குப் பின்னாடி அடிக்கடி போறீங்களே, அங்க என்ன தொழுகையா நடக்குது?"

 ரெம்ஸி பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. மாளிகைச் சமையக்கட்டுக்குப் பின்னால முள்ளுப் புதர் இருந்துச்சே, அதை இன்னைக்கு வெட்டித் தள்ளினோம். உள்ள ஒரு பேரி மரம் நிக்குது."

"நிக்கட்டும்."

"உன் பேரி அக்கா. அதே ஜாதி. போன வருஷத்துக் காய் ரெண்டு மூணு கருகித் தொங்குது, முனையில வளைஞ்சு, அதே மாதிரி. அஞ்சு கிளையை மட்டும் விட்டு வெட்டின வெட்டு, தாத்தா வெட்டு."

மெலாஹத்தின் கையிலிருந்த குச்சி நின்றது. குளிர்காலத்தில் பழுக்கும் அந்தப் பேரி இந்தக் கரையில் வேறெங்கும் கிடையாது. யார் கேட்டும் அப்பா ஒட்டுக்குச்சி கொடுத்ததில்லை. அதிகாரி வீட்டுக்கே இல்லை என்று சொன்னவர்.

"சுத்தி பாட்டில் இருக்கு" என்றான் ரெம்ஸி, மெதுவாக.

 பெரிஹான்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பேரின்னா பொண்ணாச்சே. தாத்தாவுக்கு இன்னொரு பொண்ணா?"

"நாத்தைப் பாருடி!"

"பாத்துட்டுதான்மா இருக்கேன்."

நிகார் எருக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் அன்னைக்கே சொல்லல? மாளிகையில வேலைக்காரப் பொண்ணுங்க மட்டும் எத்தனை பேர் இருந்தாங்களாம்! நீலக்கண்ணு தோட்டக்காரன். எல்லாரும் ஜன்னல்லதான் நின்னிருப்பாங்க."

"நீ எங்கடி அன்னைக்குச் சொன்ன? நீ வந்தப்ப அவருக்குத் தாடி வெளுத்திருந்துச்சு" என்றான் ரெம்ஸி. பிறகு அக்காவைப் பார்த்து, "ஆம்பளைதானே. அந்தக் காலம். விடு" என்றான்.

அந்த 'விடு'தான் மெலாஹத்தைக் கிளப்பிவிட்டது. "உன் மரத்துக்குப் பாட்டில் இருக்கு, நீ விடுவ. எங்கிட்ட தீந்துபோச்சுன்னு சொன்னாரே அந்த மனுஷன்! எங்க போய்த் தீந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது. அம்மா முப்பத்தஞ்சு வருஷம் அவருக்குக் கஞ்சி போட்டுச் சட்டை தேச்சா. பாட்டில்னு நான் வாயெடுத்தாலே கரண்டியைத் தூக்குவா, ஏன்னு தெரியாம இருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே முழுங்கியிருக்கா."

"அதெல்லாம் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை மௌலூது..."

"மௌலூதுமில்லை, ஒண்ணுமில்லை. எங்கம்மாவை ஏமாத்தினவருக்கு நான் அல்வா கிண்ட மாட்டேன். அந்தப் பொண்ணு எங்கயாவது இருந்தா அவ வந்து கிண்டட்டும்."

வருடா வருடம் தாத்தா இறந்த நாளில் நபி புகழ் பாடும் மௌலூது ஓதி, அக்கம்பக்கத்துக்கு ரவை அல்வா கொடுப்பது வழக்கம். ரவையும் பைன் விதையும் வாங்கி வைத்தாகிவிட்டது. இமாமுக்கும் சொல்லியாயிற்று. ரெம்ஸி தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து, சாணக் குவியலின் பின்பக்கம் போனான். நிகார் அவன் போன திசையையே பார்த்தாள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. அன்று முழுக்க மெலாஹத் பழைய நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தேகக் கண்ணோடு பார்த்தாள். மாளிகையின் முன் தோட்டத்துக்கு எத்தனையோ முறை அவளைத் தோளில் தூக்கிப் போயிருக்கிறார். சமையற்கட்டுப் பக்கம் ஒரு தரமும் கூட்டிப்போனதில்லை. அங்கே பாம்பு இருக்கிறது என்றார். பெருநாளுக்கு முந்தின நாள் கத்தியைத் தீட்டிக்கொண்டு தனியாக எங்கோ போய்வருவார். எல்லாம் இப்போது ஒரே இடத்தைக் காட்டின. தம்பிக்குக்கூட முன்பே தெரியுமோ, மரத்தை இன்றுதான் பார்த்த மாதிரி நடிக்கிறானோ என்றும் தோன்றியது.

மறுநாள் காலை கோஸ் இலையில் சோறும் கறியும் சுருட்டி வேகவைத்து, ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிக்கொண்டு மாளிகைக்கு நடந்தாள். அங்கே இன்னும் பழைய சமையற்காரர் ஹுர்ஷித் இருக்கிறார். போலுவிலிருந்து சின்ன வயதில் வந்தவர். பாஷாவின் குடும்பம் எகிப்துக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சமையற்கட்டை விட்டு நகராதவர். அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு முட்டைகூட உடைந்திருக்காது.

முதலில் மரத்தைப் போய்ப் பார்த்தாள். ரெம்ஸி சொன்னதில் பிழையே இல்லை. முள்ளை வெட்டிய வெட்டவெளியில் தனியாக நின்றது. மண்ணைக் காலால் தள்ளினாள்; பாட்டில் அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்கமாக, ஒரு இடைவெளியும் விடாமல் வந்தன. ரெம்ஸியின் வட்டத்தைவிட நேர்த்தி. தோட்டக்காரர் மகள் அல்லவா, அடிமரத்தைத் தடவிப் பார்த்தாள். காட்டுப் பேரி வேரில் ஒட்டியது. இரண்டு கையால் கட்டினாலும் பிடிபடாத பருமன். வீட்டிலிருக்கும் அவளுடைய மரம் சீமை மாதுளை வேரில் ஒட்டியது, என்றைக்கும் ஒல்லி. இது அதற்கு மூத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்படியானால் அந்தப் பெண் இவளுக்கு முன்னால் பிறந்தவள். முதல் பெண். நல்ல வேரையும் நல்ல பாட்டிலையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். மெலாஹத்துக்குக் கண் எரிந்தது. லொதோஸ் காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டாள்.

ஹுர்ஷித் வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் சமையற்கட்டின் பாதிச் சுவர்தான் மிச்சமிருந்தது.

"யாருடி நீ? ரோட்டு ஆபீஸ் ஆளா? நான் போகமாட்டேன்னு சொல்லு."

"காலிப் உஸ்தா மக மெலாஹத் மாமா."

"கிண்ணத்துல என்ன?"

"கோஸ் இலைச் சுருள்."

"சும்மா யாரும் எனக்குச் சுருள் கொண்டாரதில்லை. என்ன வேணும், சொல்லு." சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டார்.

"பின்னால நிக்கிற பேரி யாரோடது?"

"பாஷாவோடது. இப்ப அரசாங்கத்தோடது. சனிக்கிழமைக்கு அப்புறம் அடுப்போடது."

"விளையாடாதீங்க. சுத்தி எங்கப்பா பாட்டில் புதைச்சிருக்கார்."

"குடிச்சான், புதைச்சான். நான் எத்தனையோ மாடு அறுத்துக் கொம்பைப் புதைச்சிருக்கேன், யாராவது வந்து கேக்குறாங்களா?"

"எந்தப் பொண்ணுக்கு வச்சார், அதை மட்டும் சொல்லுங்க. அவளோட அம்மா யாரு? எங்கம்மாவைக் கட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கிழவர் ஒரு சுருளை வாயில் போட்டுப் பல்லில்லாத ஈறால் மென்றார். அவசரமே படவில்லை. "ஊருக்குள்ள என்ன பேசிக்கிறாங்க?"

"அப்பாவுக்கு இங்க ஒரு குடும்பம் இருந்துச்சுன்னு."

"நீயும் நம்புறியா?"

"மரம் நிக்குதே மாமா. அவ உயிரோட இருக்காளா இல்லையா?"

"இருக்கா." இன்னொரு சுருளை எடுத்தார். "நல்லா சமைக்கிறா. உப்புதான் கொஞ்சம் கம்மி."

மெலாஹத் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாராவது நிற்கிறார்களா என்று. ஒருவரும் இல்லை. பிறகு கிழவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அங்கேயே செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெவ்ரெஸ்னு ஒரு பொண்ணு, சர்க்காஸிய மலைநாட்டுக்காரி. துணி தேய்க்கிறவ" என்றார் ஹுர்ஷித். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. "அதோ, அந்த மூலையில இருந்த அறையிலதான் பெத்தா. பெத்ததும் கண்ணை மூடிட்டா. அப்பன் யாருன்னு கேக்காத. அந்த வீட்டுல மீசை முளைச்சவன் நிறைய பேரு. ஒருத்தனும் வாயைத் திறக்கல. கணக்குப்பிள்ளை வந்து, சத்தம் வெளிய போகக்கூடாதுன்னுட்டுப் போனான். அந்நேரம் உங்கப்பன் வெந்நீர் வாங்க வந்தான். சங்கதியைக் கேட்டான். வெந்நீரை வச்சிட்டுப் போய்க் குழி வெட்ட ஆரம்பிச்சிட்டான். என்னடா பண்றன்னு கேட்டேன். 'புள்ள பொறந்திருக்கு, மரம் வேண்டாமா'ன்னான். நாங்க எல்லாம் சிரிச்சோம். யாரும் பேர்கூட வைக்காத புள்ளைக்கு மரமாம்!"

"அப்புறம்?"

"துணி முக்கி ஆட்டுப் பால் குடுத்துப் பாத்துக்கிட்டோம். ஒரு நாள் ஸெஹ்ரா துணி எடுக்க வந்தா. கட்டிக்கிட்டுக் கொஞ்ச வருஷமாகியும் வயித்துல ஒண்ணும் தங்கல அவளுக்கு. புள்ளையைத் தூக்கினா. கீழ வைக்கவே இல்ல. துணியை இங்கயே போட்டுட்டு அதை எடுத்துட்டுப் போயிட்டா. அடுத்த வசந்தத்துல உங்கப்பன் இந்த மரத்துல குச்சி வெட்டிக்கிட்டான். வேரோட தூக்க முடியாதே. உங்க வீட்டுச் சீமை மாதுளையில ஒட்டுக் கட்டினான்."

"பாட்டில் ஏன் கட்டல?"

"நானும் கேட்டேன். 'ஒரு புள்ளைக்கு எத்தனை வட்டம்? அவ என்ன ரெண்டு தடவையா பொறந்தா? அவளோடதுதான் அங்க இருக்கே'ன்னான். பெருநாளுக்கு முந்தி வந்து முள்ளை வெட்டி, பாட்டிலைத் துடைச்சு வச்சிட்டுப் போவான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ஸெஹ்ரா சத்தியம் வாங்கிட்டா. மாளிகைக்காரங்க என்னைக்காவது திரும்பக் கேட்டுருவாங்கன்னு அவளுக்குப் பயம்." கிண்ணத்தைச் சாய்த்து அடியிலிருந்த எண்ணெயைப் பார்த்தார். "யாரு கேட்டா? ஒருத்தனும் கேக்கல."

வீட்டுக்குத் திரும்பியவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அகலச் சட்டியை அடுப்பில் ஏற்றி, வெண்ணெயைப் போட்டு, ரவையைக் கொட்டிக் கிண்டத் தொடங்கினாள். நிகார் கதவில் சாய்ந்து பார்த்தாள்.

"நேத்து மாட்டேன்னீங்க, இன்னைக்குக் கிண்டுறீங்க. கிழவன் என்ன சொன்னான்?"

"உப்பு கம்மின்னான்."

"எதையோ மறைக்கிறீங்கக்கா."

"ஆமா. பால் பொங்குது, போய்ப் பாரு."

ரவை சிவக்கக் கை ஓயாமல் கிண்டவேண்டும். அதுவும் நல்லதாகப் போயிற்று, யோசிக்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டால் அவள் காலிப் உஸ்தாவின் மூத்த மகளாகவே இருந்துவிடலாம். ஆனால் அவர் பெண்டாட்டியை ஏமாற்றியவராக மண்ணுக்குள் கிடக்கவேண்டும். வாயைத் திறந்தால் அவர் பெயர் துலங்கும். ஆனால் அவளுக்கு ரெம்ஸி யார், இந்த வீடு யாருடையது, இந்தத் தோட்டத்தில் அவள் யார்? நிகாருக்கு ஒரு சொல் போதும், அதை வைத்துச் சாகும்வரை தைத்துக்கொண்டிருப்பாள். மெலாஹத்துக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இந்த வயதில் வந்த அநாதைப் பட்டம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆட்கள் வந்தார்கள். உள்ளறையில் பெண்கள், வெளியே ஆண்கள், நடுக்கதவு திறந்திருந்தது. இமாம் நன்றாகத்தான் ஓதினார். ஆனால் பெண்களின் கண்கள் ஓதலில் இல்லை. நிகார் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தாள். கரை முழுக்கத் தெரிந்திருந்தது. பன்னீர் தெளித்து அல்வாத் தட்டு கைமாறியபோது இமாமின் மனைவி மெலாஹத்தின் முழங்காலில் கை வைத்தாள்.

"மன்னிச்சுவிட்டுடு மெலாஹத். ஆம்பளைங்கன்னா அப்படித்தான். இருந்தாலும் அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு? எங்க இருக்கான்னு விசாரிச்சு அவளுக்கும் ஒரு தட்டு அனுப்பிடு, புண்ணியம்."

 நிகார்கூடக் கரண்டியோடு நின்றுவிட்டாள். மெலாஹத் ஒரு தட்டை எடுத்தாள். அல்வாவை நிறைய வைத்து, பைன் விதையாகப் பார்த்து மேலே தூவினாள். பிறகு எல்லோர் முன்னாலும் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"போய்ச் சேந்துடுச்சு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்து, வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்கப்பாவுக்கு வேற பொண்ணு கிடையாது. அந்த மரம் என்னோடது. மாளிகையில துணி தேச்ச ஒரு பொண்ணு பெத்துப் போட்டுட்டுச் செத்துப்போச்சு, யாரும் எடுக்கல, இவங்க எடுத்தாங்க. ஹுர்ஷித் மாமா இருக்கார், போய்க் கேளுங்க. எங்கப்பா யாரையும் ஏமாத்தல. நான்தான் அவருக்குப் பொறக்கல."

 இமாமின் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கதவில் ரெம்ஸியின் முகம் தெரிந்தது.  சுவரில் தொங்கிய சாக்கை எடுத்துக்கொண்டு, விருந்தாளிகளைத் தாண்டிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான். மெலாஹத் அதையும் பார்த்தாள். சரி, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள்.

வந்தவர்கள் சீக்கிரமே கலைந்தார்கள். பெரிஹான் அம்மாவின் அருகில் வந்து நெருக்கி உட்கார்ந்தாள். "அப்ப தாத்தா எனக்குத் தாத்தா இல்லையாம்மா?"

"உன் மரத்துக்குப் பாட்டில் யாருடி வச்சா?"

"தாத்தா."

"அப்புறம் என்ன கேள்வி?"

நிகார் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல் சத்தமாக. மெலாஹத் முதல் குத்தலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வெளியே கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது. மூவரும் எழுந்து போனார்கள். காற்று திரும்பி, கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. ரெம்ஸி அவளுடைய ஒல்லிப் பேரியின் அடியில் மண்டியிட்டு, மண்ணைக் கையால் தோண்டி, சாக்கிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து நட்டுக்கொண்டிருந்தான். மண் ஒட்டிய பழைய பச்சைப் பாட்டில்கள். வட்டம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

"நாளைக்கு மாளிகை மரத்தை வெட்டுறாங்க. இதை விட்டா வண்டி ஏறி நசுங்கிப் போயிடும்" என்றான், தலை நிமிராமல். "உன்னோடது உன் வீட்டுல இருக்கட்டும் அக்கா."

 மெலாஹத் அவனுக்கு எதிரே மண்டியிட்டு, பாட்டிலைச் சுற்றி மண்ணை அழுத்தினாள்.

"ஒண்ணு குறையுது. தோண்டும்போது உடைஞ்சிடுச்சு." ரெம்ஸி கடைசி இடைவெளியில் கையை வைத்துக் காட்டினான். "இந்தப் பச்சையில இனி எங்க போய்த் தேடுறது?"

 நிகார் நேராகச் சாணக் குவியலின் பின்னால் போய், குனிந்து, வைக்கோலை விலக்கி, மூடி திறக்காத ஒரு பீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரெம்ஸியின் முகம் செத்துப்போயிற்று. அவள் அதை அவன் கையில் திணித்தாள்.

"சீக்கிரம் குடிங்க" என்றாள். "மழை வருது. அக்கா மரம் முடியாம நிக்குதுல்ல."